மாட்டை அவிழ்க்கும் நேரம்

பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்துப் பிள்ளைகள் என்னைப் போல நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "மெதுவாக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல நெச வேகத்துல ஒருதரம் ஓட்டு" என்று என் குரலிலேயே சொன்னாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். பிறகு கேக் சாப்பிடும்போது அதே பெண் பக்கத்தில் வந்து, "மேடம், கோவிச்சுக்காதீங்க. ஆனா ஏன் அப்படி? எப்படியும் மெதுவாத்தானே போடப் போறோம்?" என்று கேட்டாள். அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இப்போது சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

கணினியில் மென்மையான பொருட்களை அசைய வைப்பது என் வேலை. ரொட்டி, சேறு, ஜெல்லி, பற்பசை என்று அமுக்கினால் அமுங்குகிற, இழுத்தால் நீளுகிற எதுவானாலும் எங்கள் மேசைக்கு வரும். பொருளை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து உருண்டைகளுக்குள் ஓர் உறவு வைப்போம். ரொம்ப நெருங்கினால் தள்ள வேண்டும், கொஞ்சம் விலகினால் இழுக்க வேண்டும், ஒரேயடியாகத் தூரப் போய்விட்டால் மறந்துவிட வேண்டும். பங்காளி உறவு மாதிரிதான் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள். இந்தத் தள்ளலையும் இழுப்பையும் கூட்டிக் குறைத்தால் களிமண் வரும், தயிர் வரும், இரும்புகூட வரும்.

நான் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கொல்லிமலை அடிவாரத்துக்காரி. கணிதம் படித்தேன், கொஞ்ச காலம் பள்ளியில் பாடம் எடுத்தேன், பொறுமை இல்லாததால் விட்டேன். தொண்ணூற்றேழில் சென்னையில் ஒரு மாடி அறையில் விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்துகொண்டிருந்த சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். ஊரில் என் வேலையை யாருக்கும் விளக்க முடியவில்லை. என் அண்ணன் நல்லதம்பி மட்டும் கேட்பவர்களிடமெல்லாம், "எந் தங்கச்சி கம்ப்யூட்டர்ல பொம்மைக்கு உசுரு குடுக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் மேலதிகாரி அருளப்பன் சார். எதையும் அமுக்கிப் பார்க்காமல் நம்பமாட்டார். பன் விளம்பரம் வந்தால் பேக்கரியிலிருந்து ஒரு பை நிறைய பன் வாங்கி வரச்சொல்வார். எங்களை வரிசையாக உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கச் சொல்வார். "எவ்வளவு உள்ள போச்சு? விட்டா எவ்வளவு திரும்ப வந்துச்சு? திரும்பி வராதது எங்க போச்சு?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் கணினியைத் தொட விடுவார். மாலைத் தேநீருக்கு அந்த நசுங்கின பன்களைத்தான் தின்போம். ஒருமுறை பேருந்தில் முன்னிருக்கையின் பஞ்சை அவர் அமுக்கி ஆராய, உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி வைத வசவை இங்கே எழுத முடியாது.

அவர் வாயிலிருந்து நன்றாக இருக்கிறது என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்கவில்லை என்றால், "போய் ஒரு காபி சாப்பிட்டுட்டு வா" என்பார். முதல் வருடம் நான் குடித்த காபிக்கு அளவே இல்லை. பற்பசை விளம்பரம் ஒன்றில் உருண்டைகள் திரும்பத் திரும்ப வெடித்துச் சிதறின. இந்தக் கணக்கில் காலத்தை மிக மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொண்டு போக வேண்டும். துண்டு கொஞ்சம் தடித்துவிட்டால் உருண்டைகள் ஒன்றையொன்று தாண்டிக் குதித்து, வாணலியில் சோளப்பொரி பொரிகிற மாதிரி திரை முழுக்கத் தெறித்துவிடும். மெல்லியதாக நறுக்கினாலோ, கண் சிமிட்டும் அளவு படத்துக்கு இயந்திரம் நாள் முழுக்க உறுமும். அந்த விளம்பரம் முடிவதற்குள் எனக்குக் காபி வாசனையே பிடிக்காமல் போயிற்று.

மூன்றாண்டுகள் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் மண் அரிப்பைத் தடுக்க வேலை செய்துவந்த ஒரு தொண்டு அமைப்பு எங்களைத் தேடி வந்தது. அதற்கு முந்தின மழையில் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அங்கங்கே மண் சரிந்திருந்தது. மலை மேலே பெரக்கரை நாடு, பைல் நாடு, கீழே எங்கள் அடிவாரம் என்று எல்லாப் பக்கமும் சரிவு நிலங்களில் குச்சிக்கிழங்கு போடத் தொடங்கியிருந்தார்கள். மரவள்ளி என்று வெளியூரில் சொல்வது அதைத்தான். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு நல்ல விலைக்குப் போகும். ஆனால் அறுவடை என்றால் வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சரிவு மண்ணைக் கிளறிவிட்டு மழையை எதிர்பார்த்து நிற்பது போலத்தான். சரிவுக்கு நேர் கீழே வீடு வைத்திருப்பவர்கள் ஐப்பசி கார்த்திகையில் மட்டுமாவது இடம் மாறி இருக்க வேண்டும் என்று அமைப்பினர் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. படமாகக் காட்டினால் நம்புவார்கள் என்று வந்திருந்தார்கள்.

சரிவுக்கு நேர் கீழே இருந்த வீடுகளில் என் அண்ணனுடையதும் ஒன்று. நான் பிறந்த வீட்டை இடித்து அவர் புதிதாகக் கட்டியது. அதற்காக அவர் கிணற்று வேலைக்கும் லாரி லோடுக்கும் போனது எனக்குத் தெரியும். அண்ணி சரோஜாவும் கைக்குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள். அமைப்பினர் பேசப் போனபோது, "எங்கப்பன் காலத்துல வராத மலை இப்ப எங்கீங்க வரப் போகுது?" என்று அண்ணன் டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதனால் இந்தப் படம் எனக்கு வெறும் வேலை இல்லை. அண்ணனை எப்படியாவது அந்த மழைக்கு முன்னால் கிளப்பிவிட வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

அருளப்பன் சாரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவர் வீட்டையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. நேரே சரிவில் ஏறி மண்ணை அள்ளி அமுக்க ஆரம்பித்துவிட்டார். கிழங்கு பிடுங்கின இடத்தில் ஒரு பை, பிடுங்காமல் மரமும் புல்லும் நின்ற இடத்தில் ஒரு பை. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மிணி, உங்க சாருக்கு மண்ணு திங்கற பழக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

சென்னைக்கு வந்ததும் மொட்டை மாடியில் தகரத் தட்டு வைத்து அந்த மண்ணைச் சாய்வாகப் பரப்பினோம். தம்ளர் தம்ளராகத் தண்ணீர் விட்டோம். முதலில் மண் குடித்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் மெல்லப் பளபளக்கும். அப்போதும் நிற்கும். இன்னொரு தம்ளர் ஊற்றினால், அடுத்த தம்ளரை எடுக்கத் திரும்புவதற்குள் மொத்தமும் கீழே கிடக்கும். பல தடவை செய்தோம், ஒரு தடவையாவது அது கிளம்பும் தருணத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. வேர் இருந்த மண் மட்டும் கட்டி கட்டியாக நின்றது. கணினியில் அந்த வேருக்காகத் தூரத்து உருண்டைகளுக்கு இடையே நீளக் கயிறுகள் மாதிரிக் கூடுதல் பிணைப்புப் போட்டோம். கிழங்கு பிடுங்கின சரிவில் அந்தப் பிணைப்பை எடுத்துவிட்டோம். அந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான் படத்தின் நோக்கம்.

கணக்கு ஒருவழியாக ஓடி முடிந்து படத்தைப் பார்த்தால், குழந்தை கட்டின மணல் வீடு சரிந்த மாதிரி இருந்தது. பொசுக்கென்று ஆரம்பித்துப் பொசுக்கென்று முடிந்தது. மலை என்றே தோன்றவில்லை. எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பெரிய பொருள் மெதுவாக அசைந்தால்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். அருளப்பன் சார் காலத்தை இழுத்து நீட்டினார். அவ்வளவுதான், படத்துக்குத் தனி அழகு வந்துவிட்டது. சரிவின் நெற்றியில் ஒரு கீறல் விழுகிறது. அது வாயாகத் திறக்கிறது. ஒரு மரம் சாய்ந்து, யோசித்து, இன்னும் சாய்கிறது. மண் அலை அலையாக இறங்கி வந்து ஒரு வீட்டின் சுவரைத் தொட்டு, தயங்கி, மேலேறி மூடுகிறது. பார்த்து முடித்துவிட்டு சார் "ம்" என்றார். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னார். நாங்கள் அதுவரை செய்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆவணியில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிவியும் டெக்கும் வைத்துப் போட்டுக் காட்டினோம். எள் போட இடமில்லாத கூட்டம். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மண் சரிந்து வீட்டை மூடியபோது பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டோம்.

இரண்டாம் தடவை முடிந்ததும் அண்ணன் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகம் பூரித்திருந்தது.

"பாத்தீங்கல்ல? எந் தங்கச்சி செஞ்ச படமுங்க. இத்தன நாளு சொல்றவங்க எல்லாம் மலை வந்துரும், மலை வந்துரும்னு பயமுறுத்திக்கிட்டு இருந்தாங்க. எப்படி வருமுன்னு ஒருத்தரும் சொல்லல. இப்பத்தானுங்க தெரியுது. இப்படி ஆடி அசைஞ்சு வந்தா நம்மளுக்கு என்னங்க? கீறல் உட்டதும் நா எந்திரிச்சு மாட்ட அவுத்துப் புடிச்சுக்குவேன். சரோஜா கொழந்தையத் தூக்கிக்கும். சட்டி பானையக் கூட எடுத்துக்கிட்டுப் போயிரலாமுங்க."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, "எனக்கு வரப்பு தாண்டுனா போதுமுங்க" என்றார். அண்ணன் அவரோடு சேர்ந்து சிரித்தார். பயத்தில் இருந்தவர்களுக்கும் அன்றைக்குப் பயம் தெளிந்துவிட்டது. படத்தை நாங்கள் எடுத்தது எதற்காகவோ, அதற்கு நேர் எதிராக அது வேலை செய்துவிட்டது. 

அருளப்பன் சார் டெக்கிலிருந்து கேசட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். என் பக்கம் திரும்பினார். "இங்க காபி கிடைக்குமா, பூங்கொடி?" என்றார்.

அன்று வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். படத்துக்காக மெதுவாக்கினோம், உண்மையில் அப்படி வராது என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன் கண்ணு, மத்ததெல்லாம் நெசமா எடுத்துட்டு அத மட்டும் பொய்யா எடுப்பீங்களா?" என்றார். அவர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. என்னை நம்பினார். 

 சென்னை திரும்பி அலுவலகம் வந்ததும் சார் இழுக்காத பழைய படத்தை எடுத்து, அந்த மணல் வீட்டை, திரும்பத் திரும்ப ஓட்டினார். உருண்டைகளின் எடையைச் சரிபார்த்தார். சரிவின் உயரத்தைச் சரிபார்த்தார். காலத் துண்டை இன்னும் மெல்லியதாக நறுக்கி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். மாறவே இல்லை, அதே வேகம்தான். "அழகா இல்லைன்னு நாமதான் இதை ஒதுக்கினோம்" என்றார். பிறகு, "உங்க அண்ணன் மாடு எங்க கட்டுவார்?" என்று கேட்டார்.

புரட்டாசியில் மறுபடி போனோம். இந்தத் தடவை பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். அண்ணன் வீட்டிலேயே, பட்டப்பகலில், மாட்டுக் கொட்டகை நிழலில் டிவியை வைக்கச் சொன்னார். கொட்டகை வீட்டின் பின்புறம், மலையை ஒட்டி இருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அடுப்படியில். குழந்தை உள்ளே தொட்டிலில்.

சார் எழுந்து நின்று பேசினார். "மலை வருமா வராதான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய். வந்தா எவ்வளவு வேகமா வரும்னு மட்டும்தான் நாங்க கணக்குப் போட்டிருக்கோம். போன தடவை காட்டினது கண்ணுக்கு நல்லா இருக்கணும்னு நான் இழுத்து மெதுவாக்கினது. உங்க தங்கச்சி இல்ல, நான். இப்ப இழுக்காம காட்டறேன். நீங்க ஒண்ணு பண்ணணும். திரையில கீறல் விழுந்ததும் எந்திரிச்சுப் போய் மாட்டை அவுக்கணும்."

"அவ்வளவுதானுங்களா?" என்று அண்ணன் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர், "நல்லதம்பி, செருப்பத் தேடாத, அப்படியே ஓடு" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன்.

பச்சை மலை. ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் பொறுமையிழந்து பேச ஆரம்பித்தது. அப்புறம் கீறல் விழுந்தது. அண்ணன் எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். மாடு புது ஆள் கூட்டத்தில் மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றதால் முடிச்சு இறுகியிருந்தது. "இரு சாமி, இரு" என்று அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அண்ணன் குனிந்தார்.

திரையில் முடிந்துவிட்டிருந்தது. வீடு இருந்த இடத்தில் செம்மண். அதன் மேல் ஒன்றும் அசையவில்லை. சார் அந்த அசையாத மண்ணைத்தான் படத்தில் நீளமாக வைத்திருந்தார். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கொட்டகைக்குள்ளே அண்ணன் மட்டும் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருவழியாக அவிழ்த்து, மாட்டைப் பிடித்துக்கொண்டு பெருமையோடு வெளியே வந்தவர், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அண்ணிதான் முதலில் பேசினார். "நா இன்னும் ஊட்டுக்குள்ளயே போகலீங்களே. கொழந்தை தொட்டில்ல கெடக்குதே."

 அண்ணன் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "இன்னொருக்காப் போடுங்க" என்றார். போட்டோம். இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பார்த்தார். பார்த்துவிட்டு சாரிடம், "இது நல்லாவே இல்லீங்க" என்றார்.

"இல்லைங்க" என்றார் சார்.

அந்த வாரமே அண்ணன் சரிவைவிட்டுத் தள்ளியிருந்த கீழ்க்காட்டு நிலத்தில் ஓலைச் சாளை போட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் போனார்கள். போகும்போது அண்ணன் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டின வீட்டைப் பூட்டிவிட்டு ஓலைக் கூரைக்குக் கீழே போகிறவருக்கு யார் மேலாவது கோபம் இருக்கத்தான் செய்யும். மழை தொடங்கி, ஐப்பசி முழுக்கப் பெய்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காளப்பநாயக்கன்பட்டி டெலிபோன் பூத்திலிருந்து பேசுவார். "இன்னும் வரலே, உங்க மலை" என்பார். என் மலை ஆகிவிட்டது அது. எனக்கோ, வரவேண்டாம் என்று வேண்டுவதா, இவ்வளவு சொல்லிவிட்டு வராமல் போனால் அடுத்த வருடம் கிளம்பமாட்டார்களே என்று பயப்படுவதா என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டும்தான் செய்தேன்.

கார்த்திகையில் ஒரு முற்பகல், ஞாயிறு இல்லாத ஒரு நாள், அலுவலக போன் அடித்தது. அருளப்பன் சார் எடுத்தார். அண்ணன் போட்ட சத்தம் எதிர்மேசையில் இருந்த எனக்கே கேட்டது.

"சார், மாட்ட அவுக்க நேரமில்லீங்க சார்."

கீழ்க்காட்டில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்திருக்கிறார். மலை நின்றிருக்கிறது. குனிந்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி நிமிர்ந்தால் கொட்டகையும் அடுப்படியும் வீட்டில் பாதியும் இல்லை. கிளம்பினதை அவரும் பார்க்கவில்லை.

"எல்லாரும் கீழயா இருந்தீங்க?" என்று சார் கேட்டார்.

"இருந்தோமுங்க. மாடும் இங்கதானுங்க இருக்குது."

"ம்" என்றார் சார். போனை வைத்த பிறகு கட்டைவிரலால் மேசையை அமுக்கிக்கொண்டே இருந்தார். அது மரமேசை. அப்புறம் எழுந்து வெளியே போனார். நான் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அழுகை ஆனந்தமா வேறேதாவதா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த முதல் படத்தை அவர் அழித்துவிட்டார். அமைப்பிடம் கொடுத்திருந்த கேசட்டையும் கேட்டு வாங்கி அழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் காட்ட வேண்டாம் சார், நம் வேலைக்கு ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று சண்டை போட்டேன். "பாத்தவங்க நம்பிட்டாங்கல்ல" என்றார். அதற்குப் பிறகும் நாங்கள் எவ்வளவோ படங்களில் எவ்வளவோ பொருட்களை மெதுவாக்கினோம். பிழைப்பு அதுதானே. ஆனால் ஒவ்வொன்றையும் இழுப்பதற்கு முன்னால் அவர் ஒருதரம் உண்மையான வேகத்தில் ஓட்டச் சொல்வார். அவர் போன பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். சின்னவர்களுக்கு அது நடித்துக் காட்டிச் சிரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. பரவாயில்லை, சிரித்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தால் சரி.

ஓய்வு பெற்ற கையோடு ஊருக்குப் போனேன். அண்ணன் கீழ்க்காட்டிலேயே வீடு கட்டி வெகுகாலம் ஆகிறது. தொட்டிலில் கிடந்த குழந்தை இப்போது ஈரோட்டில் வேலை பார்க்கிறான். சரிவில் குச்சிக்கிழங்கு இல்லை, புல்லும் மரமுமாக மூடிக்கிடக்கிறது. பழைய வீட்டின் மிச்சச் சுவர் ஒன்று மட்டும் அங்கே தெரியும். அண்ணன் கட்டிலை எப்போதும் அது கண்ணில் படுகிற மாதிரிதான் போட்டுக்கொள்கிறார். காபி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"ஏன் கண்ணு, மொதல்ல ஒரு படம் போட்டீங்கல்ல, பள்ளிக்கூடத்துல? அதுதான் நல்லா இருந்துச்சு. அது இருக்குதா?"

"இல்லீங்கண்ணா. அப்பவே அழிச்சாச்சு."

அவர் தலையாட்டிக்கொண்டார். அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அதுவும் நல்லதுதான். அதப் பாத்தா, இப்பக்கூட அங்கயே இருந்திருக்கலாமுன்னு தோணிப்போகும்."